தன்னை முதலில் விசாரித்த நியாயாதிபதி



நமது காரைக்கால்மேட்டில் தலைவர்களுக்குக் குறைவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் இருக்கிறார்கள். படகுச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மகளிர் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவி, ஒரு காரியதரிசி, ஒரு பொருளாளர் உண்டு. நாலைந்து பேரை ஏற்றிக்கொண்டு விடியுமுன் கடலில் இறங்குகிற படகோட்டியும் அந்த நாலைந்து உயிருக்குத் தலைவன்தான். இருக்கிற சோற்றை யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுகிற தாயும் அப்படியே. ஆகையால் நல்ல தலைவனாவது எப்படி என்கிற விசாரணை மந்திரிகளுக்கும் கலெக்டர்களுக்கும் மாத்திரம் உரியதென்று எண்ணி இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதிருங்கள்.

இவ்வாரம் ஒரு மனிதருடைய சீவிய சரித்திரத்தைச் சொல்லுகிறேன். அவர் ராஜாவுமல்ல, சேனாபதியுமல்ல. சர்க்கார் உத்தியோகத்தில் அவர் ஏறின படி ஜில்லா முன்சீப் என்பதோடு நின்றுவிட்டது. என்றாலும் அவர் இறந்து 130 வருஷத்துக்கு மேலாகியும் தமிழ்நாடு அவரை மறக்கவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்றால், தமிழில் முதல் நாவல் எழுதியவர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வேறே. பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவர் இவருக்கு ஐம்பது வருஷத்துக்குமேல் மூத்தவர், புராட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். இருவரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. நீங்கள் அந்தப் பிழையைச் செய்யவேண்டாம். நாவல் எழுதியவர் என்று சொல்வது சரிதான். ஆனால் அது அவருடைய சீவியத்தில் பாதிகூட அல்ல.

திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த குளத்தூரில், 1826ஆம் வருஷம் அக்டோபர் 11ஆம் தேதி, சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். இளவயதில் ஊரிலே படித்தபின், திருச்சிராப்பள்ளியில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராஜ பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். இருபது வயது கடந்ததும் அதே ஊர்க் கோர்ட்டில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. என்ன உத்தியோகம்? தஸ்தாவேஜுகளைக் காக்கிற உத்தியோகம்.

இதிலே சற்று நின்று யோசிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன். தஸ்தாவேஜு அறை எப்படியிருக்கும் என்று பழைய கச்சேரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூசி, கரையான், சிவப்பு நாடா கட்டின மூட்டை மூட்டையான காகிதம். அங்கே உட்கார்ந்திருக்கிறவனை ஒருவரும் புகழமாட்டார்கள். கேட்ட காகிதம் கிடைத்தால் நன்றி சொல்ல ஆளில்லை. கிடைக்காவிட்டால் ஏச ஆளுண்டு. ஆனால் அந்த மூட்டைகளில் ஒவ்வொன்றும் யாரோ ஒருவனுடைய நிலம், யாரோ ஒரு விதவையின் வீடு, யாரோ ஒரு அநாதைப் பிள்ளையின் பங்கு. ஒரு காகிதம் இடம் மாறினால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரும். பின்னாளில் வேதநாயகம் பிள்ளையிடம் காணப்பட்ட ஒழுங்கும் பொறுமையும் இந்த அறையிலேதான் பயின்றவை என்பது என் அபிப்பிராயம். மேடையில் ஏறின பிற்பாடு பொறுமை கற்றவர்களை நான் கண்டதில்லை.

பிறகு அவர் மொழிபெயர்ப்பாளர் ஆனார். நியாயாதிபதி ஆங்கிலேயர், வழக்காடுகிறவன் தமிழன். இவன் சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை இவனுக்கும் எடுத்துச் சொல்லவேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் தீர்ப்பு கோணிப்போகும். இந்த வேலைக்கு முதல் தகுதி பேசத் தெரிவதல்ல, கேட்கத் தெரிவது. எதிரே நிற்கிறவன் இன்னும் வாயைத் திறக்குமுன்னே அவன் இன்னதுதான் சொல்லப்போகிறான் என்று முடிவுகட்டிக்கொள்ளுகிற துர்ப்பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு. தலைமைப் பதவி வந்தால் அது இரட்டிப்பாகும். தினந்தோறும் பிறனுடைய வார்த்தையைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்லிப் பழகின வேதநாயகம் பிள்ளை, பிற்காலத்தில் தானே தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தபோது எப்படிக் கேட்டிருப்பார் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலி 1857இல் அவருக்குக் கிடைத்தது, அதுவும் நமக்கு வெகு சமீபத்தில். இங்கிருந்து பூவம் வழியாய் வடக்கே போனால் வருகிற தரங்கம்பாடியில் அவர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடியை டேனிஷ்காரர் ஆங்கிலேயருக்கு விற்று அப்போது பன்னிரண்டு வருஷமே ஆகியிருந்தது. நமது காரைக்காலிலோ பிரெஞ்சுக் கொடி பறந்தது. அது இறங்க இன்னும் ஏறக்குறைய நூறு வருஷம் இருந்தது. ஒரே கடற்கரை, ஒரே தமிழ். சில மைல் தூரத்துக்குள் இரண்டு ராஜாங்கம், இரண்டு சட்டம். அப்படிப்பட்ட இடத்தில் முப்பது வயதுக்காரர் ஒருவர் நியாயம் தீர்க்க வந்தார். பிறகு சீர்காழிக்கு மாற்றப்பட்டார். அதன்பின் மாயூரத்தில் பதின்மூன்று வருஷம் முன்சீப்பாயிருந்தார். அந்த ஊரின் பெயரே அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாயூரம் என்பது இன்றைய மயிலாடுதுறைதான்.

முன்சீப்பின் வீட்டு வாசல் எப்படிப்பட்டது தெரியுமா? பெரிய மனிதரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாகாது என்பது நமது தேசத்து வழக்கம். முதல் நாள் ஒரு தாறு வாழைப்பழம் வரும். அதை வேண்டாமென்று சொன்னால் மரியாதையல்ல என்று தோன்றும். மறுநாள் ஒரு மூட்டை நெல். அதற்கு மறுநாள் வருவது மூட்டையாக வராது, மடியில் வரும். கைக்கூலி என்னும் பேய் ஒருபோதும் பேயாக வாசலில் வந்து நிற்பதில்லை, விருந்தாளியாகத்தான் வருகிறது. உத்தியோகத்தில் அமர்ந்த இரண்டே வருஷத்தில், 1859இல், வேதநாயகம் பிள்ளை ஒரு காரியம் செய்தார். நீதிநூல் என்ற பெயரால் ஒரு செய்யுள் நூலை அச்சிட்டு வெளியிட்டார். தெய்வம் உண்டென்பதில் தொடங்கி, அரசர் எப்படியிருக்கவேண்டும், குடிகள் எப்படியிருக்கவேண்டும், குருவானவர் எப்படியிருக்கவேண்டும், தாய்தந்தையரை எப்படி வணங்கவேண்டும் என்றெல்லாம் பாடி, பொய், களவு, மது, சோம்பல் ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டிக்கிற நூல் அது. கைக்கூலிக்கும் அதில் ஓர் அதிகாரம் உண்டு.

செய்யுள் என்கிற அளவில் அந்நூலை எடைபோட்டால், எல்லாப் பாட்டும் உயர்ந்த பாட்டென்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் உபதேசம் அதிகம், கவிதை கொஞ்சம். ஆனால் செய்த காரியத்தைப் பாருங்கள். ஒரு முன்சீப் தான் கச்சேரி நடத்துகிற ஜில்லாவிலேயே, தன் பெயரைப் போட்டு, கைக்கூலி வாங்குகிறவனை இகழ்ந்து ஒரு புத்தகம் வெளியிடுகிறார். அந்தப் புத்தகத்தை எந்தக் கட்சிக்காரனும் கையில் வாங்கலாம், எந்தக் குமாஸ்தாவும் படிக்கலாம். நாளைக்கே அவர் ஒரு ரூபாய் வாங்கினால் அந்தப் புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டலாம். ஊராருக்குச் சட்டம் எழுதுமுன் தன் வீட்டு வாசலுக்குத் தானே பூட்டுப் போட்டு, திறவுகோலை ஊரார் கையில் கொடுத்துவிட்டார். இதைவிட நல்ல பழக்கத்தைத் தலைவனாக விரும்புகிறவனுக்கு நான் காட்ட அறியேன். குழுவின் கணக்குப் புத்தகத்தை எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் திறந்துவைக்கிற பெண்மணி இதைத்தான் செய்கிறாள். சங்கத்துப் பணத்தைப் பற்றி ஒருவரும் கேட்காதிருக்கும்போதே வரவு செலவைச் சுவரில் ஒட்டிவைக்கிறவனும் இதைத்தான் செய்கிறான். கேட்டபிறகு காட்டுகிற கணக்குக்கு அந்த மதிப்பு கிடையாது.

நீதிநூலுக்கு மூன்று வருஷத்துக்குப்பின், 1862இல், இன்னொரு புத்தகம் வந்தது. அதைப் பற்றி இக்காலத்தில் பேசுகிறவர்கள் குறைவு. சென்னையில் அந்நாளில் சதர் கோர்ட்டு என்ற பெரிய கோர்ட்டு இருந்தது. அந்த 1862ஆம் வருஷத்தில்தான் அது நீங்கி ஹைகோர்ட்டு ஏற்பட்டது. சதர் கோர்ட்டின் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. 1805 முதல் 1861 வரையிலான அந்தத் தீர்ப்புகளைத் திரட்டி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வேதநாயகம் பிள்ளை தமிழில் தந்தார். ஐம்பத்தேழு வருஷத்துத் தீர்ப்புகள்! பகலெல்லாம் கச்சேரி, இரவில் எண்ணெய் விளக்கு. ஒரு நாள் உற்சாகத்தில் முடிகிற வேலையா இது? தினம் கொஞ்சம், மறுநாளும் கொஞ்சம் என்று செய்தாலன்றி முடியாது. அவருக்கு அதனால் சம்பளம் உயரவேண்டிய அவசியமில்லை. அவருக்கோ ஆங்கிலம் தெரியும். தெரியாதவர்களுக்காகச் செய்தார். தான் பெற்ற அறிவைத் தன் கையிலேயே பூட்டி வைத்துக்கொண்டு, எல்லாரும் தன்னையே தேடி வரும்படி செய்கிற தலைவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எந்த ஆபீசில் எந்தத் தாளை நீட்டவேண்டும் என்பது தனக்கு மாத்திரம் தெரிந்திருந்தால் தன் மதிப்பு குறையாது என்பது அவர்கள் கணக்கு. மாயூரத்து முன்சீப்பின் கணக்கு வேறு.

இந்தப் பழக்கத்தை அவர் கடைசிவரையில் விடவில்லை. 1869இல் பெண்கள் படிக்கவேண்டும் என்பதற்காகப் பெண்மதி மாலை எழுதினார். 1873இல் தேவமாதா அந்தாதி முதலிய பக்தி நூல்கள் வந்தன. இடையிலே வீட்டில் மரணம் பலமுறை புகுந்தது. மனைவியரை ஒருவர்பின் ஒருவராகப் பறிகொடுத்தார். அந்த விசனத்தைக் காரணம் காட்டி அவர் வேலையை நிறுத்தவில்லை.

அவருடைய சிநேகிதர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தலைவன் எப்படிப்பட்டவன் என்று அறிய அவன் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். வேதநாயகம் பிள்ளையின் நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அக்காலத்துத் தமிழ்ப் புலவர்களில் தலைமையானவர், திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவான், பழுத்த சைவர். இவரோ கத்தோலிக்கர். தன்னைவிடத் தமிழில் பெரியவரென்று தெரிந்து அவரைத் தேடிப் போனவர் இவர். அவருடைய மாணாக்கர் உ. வே. சாமிநாதையரும் தமது நூல்களில் இந்த முன்சீப்பைப் பற்றி மரியாதையோடு எழுதிவைத்திருக்கிறார். மகாவித்துவான் இவர்மேல் குளத்துக்கோவை என்று ஒரு முழு நூலே பாடினார். இது சாதாரணக் காரியமல்ல. நமது காலத்தில் ஒரு சிறிய சங்கத்துக்குக் காரியதரிசியானதும் நாற்சந்தியில் ஆளுயர ஃப்ளெக்ஸ் பலகை எழும்பிவிடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து அவர் நடையே மாறிவிடுகிறது. ஒரு மகாகவி தன்மேல் கோவை பாடின பிறகும், வேதநாயகம் பிள்ளை தொடர்ந்து பாடினது கடவுளின் மேலும், உத்தியோகஸ்தரின் குற்றங்களின் மேலும்தான். 1878இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனையில், எந்தச் சமயத்தாரும் பாடத்தக்க தெய்வப் பாட்டுகளோடு, குடும்பத்தாருக்கும் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கும் புத்தி சொல்லுகிற பாட்டுகளும் இருக்கின்றன. தன் கூட்டத்தாரைக் கண்டிக்க அவர் கூசவில்லை.

இனி அந்தப் பஞ்சத்துக்கு வருகிறேன். 1876 முதல் 1878 வரையில் தென்னிந்தியாவை வாட்டிய பஞ்சம். நம் பெரியோர் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். காவிரி பாய்கிற தஞ்சாவூர் ஜில்லா மற்ற ஜில்லாக்களைப்போல் அடியோடு வறண்டுபோகவில்லை. ஆனால் அரிசி விலை ஏறினால் ஏழைக்கு ஆறு ஓடினாலென்ன, ஓடாவிட்டாலென்ன? நமது காரைக்கால் துறைமுகமும் அக்காலத்துப் பசியை அறியும். ரெயூனியோன், குவாதலூப், மார்த்தினீக் என்ற தூரதேசத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறினவர்களில் திரளான பேர் இந்தத் துறையில்தான் கடைசியாகத் தங்கள் மண்ணை மிதித்தார்கள்.

மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை சர்க்கார் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. தம்முடைய சொந்தப் பொருளை எடுத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றச் செய்தார். தம்மால் மாத்திரம் முடியாதென்பதால் மற்றவர்களையும் தூண்டினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் அக்காலத்தில் ஏழைகளுக்கு அன்னமிட்டதை மனமாரப் போற்றிப் பாடினார். பஞ்சத்தைப் பற்றியே கீர்த்தனைகள் இயற்றிக் கடவுளிடம் முறையிட்டார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில் இருந்தார். அந்தப் பெரிய சிவபக்தர், கஞ்சி ஊற்றின இந்தக் கிறிஸ்தவரைப் போற்றி ஒரு கீர்த்தனை பாடினார். 

கஞ்சி ஊற்றுவது சுலபம் என்று நினைக்கிறீர்களா? அடுப்பை மூட்டி அண்டாவை ஏற்றினவர்களைக் கேளுங்கள். அரிசி வேண்டும், விறகு வேண்டும், நல்ல தண்ணீர் வேண்டும். அதெல்லாம் கிடைத்தபின் வருவதுதான் கடினம். வரிசையில் பலமுள்ளவன் முன்னே வருவான். கிழவியும் நோயாளியும் பின்னே தள்ளப்படுவார்கள். ஒருவன் இரண்டு முறை வருவான். வெட்கப்படுகிற ஒரு குடும்பம் ஒரு முறையும் வராமல் வீட்டுக்குள்ளே பட்டினி கிடக்கும். யார் வரவில்லை என்று கவனிக்கிற கண் ஒரே நாளில் உண்டாகாது. முப்பது வருஷமாய், யாருடைய காகிதம் காணவில்லை, யாருடைய வார்த்தை விட்டுப்போயிற்று என்று பார்த்துப் பழகின கண் அது.

2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் நமது ஊருக்குள் புகுந்ததைப் பற்றி உங்களுக்கு நான் எழுதவேண்டியதில்லை. அப்பேர்ப்பட்ட நாட்களில் எந்த ஊரிலும் முதலில் வேண்டியது அரிசி. அடுத்தபடி வேண்டியது ஒரு பட்டியல். அந்தப் பட்டியலை எழுதுகிற கையிலே இருக்கிறது தலைமை. ஆண் துணையில்லாத பெண், படகு இல்லாத கூலியாள், கருவாடு விற்றுப் பிழைக்கிற கிழவி, வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், இவர்களுடைய பெயரைச் சொல்ல யாரும் வந்து நிற்கமாட்டார்கள். எழுதுகிறவனே தேடிப்போய்க் கேட்டால்தான் உண்டு. ஆபத்து நாளில் திடீரென்று அந்தக் குணம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் படகுகள் கரையில் கிடக்கிற தடைக்காலத்தில், வீட்டில் உலை ஏறாதவர் யார் என்று இப்பொழுதே விசாரித்துப் பழகினவன் அன்றைக்கும் விசாரிப்பான். இரவில் செபம் முடித்து ஆத்தும சோதனை செய்கிறவர்கள், அன்றைக்கு யாரைக் காக்கவைத்தோம், யாருடைய பேச்சை நடுவிலே வெட்டினோம் என்பதையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு நிமிஷம்தான் அதிகமாகும்.

பஞ்சம் தீர்ந்து 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. கதை அங்குமிங்கும் அலைகிறது, பாத்திரங்கள் நினைத்த இடத்தில் நின்று பிரசங்கம் செய்கிறார்கள் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு, அது மெய்தான். ஆனால் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். தமிழ்க் கட்சிக்காரர்களின் வழக்கில், தமிழ் தெரிந்த வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுகிற கூத்தை அவர் பரிகசிக்கிற இடத்தைப் படித்தால், தஸ்தாவேஜு அறையில் வளர்ந்த கோபம் தெரியும். அந்தக் கதையில் அதிக புத்திசாலி கதாநாயகனல்ல, அவன் மனைவி ஞானாம்பாள். புருஷனைத் தேடி ஆண் வேடத்தில் புறப்பட்ட அவளுக்கு ஒரு நாட்டை ஆளும்படி நேரிடுகிறது. நன்றாகவே ஆளுகிறாள். பிறகு அந்தச் சிங்காசனத்தை உரியவளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள். உத்தியோக நாற்காலியில் வருஷக்கணக்காய் உட்கார்ந்திருந்த ஒருவர் இப்படி ஒரு கதையை எழுதினார் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நாற்காலியை விட்டு இறங்கத் தெரிந்த தலைவனைக் கற்பனையில் காட்டவும் அவருக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது போலும்!

முன்சீப் உத்தியோகம் விட்டபின் மாயூரம் நகரசபைக்குத் தலைவராகவும் இருந்தார். தெருவும் குப்பையும் குடிதண்ணீரும் அவர் பொறுப்பாயின. 1887இல் சுகுணசுந்தரி என்ற இரண்டாவது நாவல் வந்தது. 1889ஆம் வருஷம் ஜூலை 21ஆம் தேதி காலமானார்; வயது அறுபத்திரண்டு. அந்த வருஷத்திலும் அவருடைய நூல் ஒன்று, தேவ தோத்திர மாலை, அச்சாகியிருந்தது.